ஓசிக்குப் பறக்கலாமா?

தம்பி, பைலட்டாக இருந்த விமானக் கம்பெனி மூடி இரண்டு மாதமாகத் திருமங்கலத்தில் வீட்டிலிருக்கிறேன், ரேட்டிங் (அந்த ரக விமானத்தை ஓட்டும் தகுதி) போய்விடாமலிருக்க வேறொரு கம்பெனிக்குச் சம்பளமே வேண்டாமென்று எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொடுக்காதீர்கள். பயணிகளோடு பறக்க 90 நாளுக்குள் 3 டேக்-ஆஃப், 3 லேண்டிங் வேண்டும். அதை சிமுலேட்டரிலேயே, அதாவது தரையிலேயே ஓட்டிப் பழகும் மாதிரி விமானத்திலேயே முடிக்கலாம். காசு கரையும்தான். ஆனால் ஓசிக்கு ஓட்டுபவர், ‘உடம்பு முடியல, இன்னைக்குப் பறக்க மாட்டேன்’ என்று சொல்லத் தயங்குவார். எனக்கு அங்கேதான் பயம்.

என் அக்கா மகனும் இப்படித்தான் இருந்தான். பெருங்குடி மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, இறங்கும் விமானத்தைப் பார்த்தபடி செக்லிஸ்ட்டை வாய்விட்டுச் சொல்வான். கீழ்வீட்டுக்காரர்கள் மந்திரம் ஜெபிக்கிறான் என்றே நினைத்தார்கள்!

அப்புறம், கிளாஸ் 1 மெடிக்கல் (பைலட்டின் உடல்தகுதிச் சான்று) முடியும் தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள்.