சிட்னி கிளப்பை மூடினால் பெர்த் வளர்ந்துவிடாது

கேள்வி: ஆஸ்திரேலியாவின் என்.ஆர்.எல். ரக்பி லீக்கில் இருக்கும் 17 அணிகளில் ஒன்பது சிட்னியைச் சேர்ந்தவை. 2027ல் பெர்த்தும் 2028ல் பப்புவா நியூ கினியும் வேறு சேரப்போகின்றன. ஒரே ஊருக்கு எதற்கு ஒன்பது கிளப்? கூட்டமும் வராமல் கோப்பையும் ஜெயிக்காமல் இருக்கும் இரண்டு மூன்றை மூடிவிட்டு, அந்த இடத்தைப் புதிய ஊர்களுக்குக் கொடுத்தால் என்ன? (பரமட்டா அணியின் ஆதரவாளர், வென்ட்வொர்த்வில்)

பதில்: கூடாது. புதிய ஊர்கள் வரட்டும், வரவேற்கிறேன். அதற்காக ஒரு சிட்னி கிளப்பைக்கூட மூடக் கூடாது.

நீங்கள் சொல்வதை ஒருமுறை செய்து பார்த்தாகிவிட்டது. லீக்கை இரண்டாகப் பிளந்த சூப்பர் லீக் சண்டை முடிந்து 1998ல் இரு தரப்பும் கைகோத்தபோது 20 அணிகள் இருந்தன. 2000க்குள் அதை 14 ஆக்க வேண்டும் என்பது உடன்பாடு. இந்தச் சமரசத்தில் முதலில் பலியானது யார் தெரியுமா? பெர்த்! 1995ல் தொடங்கிய வெஸ்டர்ன் ரெட்ஸை 1997 சீசனோடு மூடினார்கள். சவுத் குயின்ஸ்லாந்து க்ரஷர்ஸும் அதே வருடம் போனது. அடுத்த வருடம் அடிலெய்ட் ராம்ஸ், கோல்ட் கோஸ்ட் சார்ஜர்ஸ். ஆட்டம் எங்கெல்லாம் பரவ வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படுகிறீர்களோ, அந்த ஊர்கள்தான் முதலில் அடிபட்டன. எண்ணிக்கையைக் குறைப்பது என்று இறங்கினால், வேர்பிடிக்காத அணிதான் முதலில் போகும். பெர்த் மறுபடி உள்ளே வர முப்பது வருடம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அப்புறம் நார்த் சிட்னி பேர்ஸ். 1908ல் இந்தப் போட்டியைத் தொடங்கிய கிளப்களில் ஒன்று. சொந்தப் பேட்டையை விட்டு, சிட்னிக்கு வடக்கே இருக்கும் காஸ்ஃபர்டுக்குப் போகவும் அவர்கள் தயாராக இருந்தார்கள். அங்கே மைதான வேலை மழையால் இழுத்துக்கொண்டே போக, கடன் கழுத்தை நெரித்தது. கடைசியில் 2000ல் பக்கத்துப் பேட்டைப் போட்டியாளரான மேன்லியோடு சேர்த்து, நார்தர்ன் ஈகிள்ஸ் என்று பெயர் வைத்தார்கள். மூன்று சீசன்தான். 2003ல் மேன்லி தன் பெயரோடு திரும்பி வந்தது. பேர்ஸ் இரண்டாம் நிலைப் போட்டியில் தங்கிவிட்டது. இப்போது பெர்த் அணிக்கு வைத்திருக்கும் பெயர் என்ன? பெர்த் பேர்ஸ். கால் நூற்றாண்டுக்கு முன் வேண்டாம் என்று தள்ளிய பெயருக்கு இன்னமும் ஆள் இருக்கிறது என்று லீக்கே ஒப்புக்கொண்ட மாதிரிதான் இது.

சவுத் சிட்னி கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் கேள்விக்கான நேரடிப் பதில் அதில்தான் இருக்கிறது. அதுவும் 1908 கிளப். 20 கோப்பை வென்ற கிளப். வருமானம், கூட்டம், வெற்றி என்று கணக்குப் போட்டு, தேறவில்லை என்று 1999 முடிவில் வெளியே தள்ளினார்கள். 2000 நவம்பரில் கிளப்பின் நிறமான சிவப்பும் பச்சையுமாக, அதன் பேட்டையான ரெட்ஃபர்னிலிருந்து சிட்னி டவுன் ஹாலுக்கு ஏறத்தாழ 80,000 பேர் நடந்தார்கள். சவுத்ஸை ஜென்ம எதிரியாக நினைக்கும் கிளப்களின் ரசிகர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். 2001ல் ஃபெடரல் கோர்ட் அமர்வு சவுத்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2002ல் அணி திரும்பியது. நீக்கியது சட்டப்படி செல்லும் என்று 2003ல் நாட்டின் உச்ச நீதிமன்றமான ஹை கோர்ட் சொன்னபோது, சவுத்ஸ் இரண்டாவது சீசன் ஆடிக்கொண்டிருந்தது. மறுபடி வெளியே அனுப்ப யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

2014 இறுதி ஆட்டத்தில் சவுத்ஸின் சாம் பர்ஜஸ் முதல் மோதலிலேயே கன்ன எலும்பு உடைந்து, 80 நிமிடமும் அப்படியே ஆடினார். 30-6. 43 வருடத்துக்குப் பிறகு சவுத்ஸுக்குக் கோப்பை. 1999ன் கணக்கு நின்றிருந்தால் இந்த ஆட்டமே நடந்திருக்காது.

கூட்டம் வருவதில்லை என்கிறீர்கள். ஹோம்புஷ்ஷில் 80,000 பேர் உட்காரக்கூடிய ஸ்டேடியத்தில் 15,000 பேர் உட்கார்ந்தால் காலியாகத்தான் தெரியும். அதே 15,000 பேர் லைக்கார்ட் ஓவல், புரூக்வேல் மாதிரி சின்னப் பேட்டை மைதானங்களில் இருந்தால் காது கிழியும். சவுத்ஸையும், இன்னொரு சிட்னி அணியான புல்டாக்ஸையும் அந்தப் பெரிய ஸ்டேடியத்தில் ஆட விட்டுவிட்டு, ரசிகர்களைக் குறை சொல்வது நியாயமில்லை.

கோப்பையை அளவுகோலாக வைத்தால் உங்களுக்கே ஆபத்து. பரமட்டா கடைசியாக வென்றது 1986ல். 2012, 2013, 2018 மூன்று வருடமும் கடைசி இடம். நான் பரமட்டாவை மூடச் சொல்ல மாட்டேன். உங்கள் அளவுகோல் சொல்லும். இன்னொரு சிட்னி கிளப்பான பென்ரித் 2001ல் கடைசி இடம். அப்போதே கத்தரித்திருந்தால் 2003 கோப்பையும் இல்லை, 2021 முதல் 2024 வரை தொடர்ந்து வென்ற நான்கும் இல்லை.

பணக் கணக்கும் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. பப்புவா நியூ கினி திட்டத்துக்கு ஆஸ்திரேலிய அரசு பத்து வருடத்தில் 600 மில்லியன் டாலர் தருகிறது. பசிபிக்கில் சீனாவின் செல்வாக்கைப் பற்றிய கவலையில் வரும் பணம் அது. சிட்னியின் வெஸ்ட்ஸ் டைகர்ஸை மூடுவதால் அதில் ஒரு டாலர்கூட அதிகமாகாது.

அணிகள் கூடக்கூட நல்ல ஆட்டக்காரர்கள் போதாமல் போவார்கள் என்று சிலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதையும் யோசித்துப் பாருங்கள். ஜெரோம் லுவாய், பிரையன் டோஓ, ஸ்டீபன் கிரைட்டன் மூவரும் மேற்குச் சிட்னியின் மவுன்ட் ட்ரூயிட் பக்கத்துப் பையன்கள். பென்ரித் கிளப் வளர்த்தவர்கள். லுவாய் டைகர்ஸுக்கும் கிரைட்டன் புல்டாக்ஸுக்கும் போய்விட்டார்கள். பெர்த்துக்கும் பப்புவா நியூ கினியின் தலைநகரான போர்ட் மோர்ஸ்பிக்கும் அணிக்கு முப்பது பேர் வேண்டும். அவர்களில் பலரை சிட்னியின் இளையோர் அணிகளிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். அந்த இளையோர் அணிகளைத் தாங்கி நிற்பது நீங்கள் மூடச் சொல்லும் கிளப்கள்.