வாசகர் கேள்வி: பசுமை வளாகம்

கேள்வி: வன்னியில் பல்கலைக்கழகக் கட்டடங்கள் பெருகி வருகின்றன. கூரையில் சூரிய மின்தகடுகளைப் பொருத்தினால் வளாகம் பசுமையாகிவிடுமா?
– வாசகி, நெடுங்கேணி

பதில்: மின்தகடு நல்லதுதான், ஆனால் அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் 1 ஆம் திகதி தனிப் பல்கலைக்கழகமாகியது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் இயங்குகின்றன. வவுனியா, கிளிநொச்சி ஆகிய இரு இடங்களும் உலர் வலயத்தில் இருப்பதால், முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது தண்ணீரைத்தான். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர் விழும். அப்படியானால், ஆயிரம் சதுர மீற்றர் கூரையில் மாரியில் 100 மில்லிமீற்றர் பெய்யும்போது விழுவது ஒரு இலட்சம் லீற்றர்! அதில் ஐந்திலொரு பங்கு வீணானாலும் 80,000 லீற்றரைத் தொட்டியில் சேர்க்கலாம், மிஞ்சுவதை நிலத்துக்குள் இறக்கலாம்.

கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் நோக்கியிருந்து, அகன்ற விறாந்தையும் எதிரெதிர் யன்னல்களும் அமைந்தால், காலை மாலை வெயில் குறுகிய சுவர்களிலேயே விழும். குளிரூட்டியின் தேவையும் வெகுவாகக் குறையும்.

என் மனதை அதிகம் வருத்துவது, அத்திவாரம் வெட்டுமுன்பே புல்டோசரால் காணி முழுவதையும் வழித்தெடுக்கும் வழக்கம். பாலையும் முதிரையும் வளர்ந்து நிழல் தர எத்தனையோ ஆண்டுகள் செல்லும். பிறகு நடும் அலங்காரச் செடிகள் அவற்றுக்கு ஈடாகா. நிற்கும் மரங்களை வரைபடத்தில் குறித்து, அருகிலுள்ள குளத்தின் அலைகரையையும் (நீர் நிரம்பும்போது பரவும் ஓரம்) வான் பாயும் வழியையும் (மிகை நீர் வழிந்தோடும் பாதை) விட்டுவிட்ட பிறகே கட்டடத்துக்கு இடம் தேட வேண்டும்.