புள்ளி போடாத அரைமணி நேரம்

அன்பின் அக்கா,

கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். மாத முடிவில் வீடு திரும்ப இரவு ஒன்பது மணியாகிவிடும். படுத்த பிறகும் இலக்கங்கள் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். சில மாதங்களுக்கு முன் மகளின் சித்திரக் கொப்பியில் சும்மா வரையத் தொடங்கினேன். மனம் இலேசானது. அதைப் பார்த்த தங்கை, "முகநூலில் போடு, விற்கலாம்" என்றாள். போட்டேன், இரண்டு ஓடர்களும் வந்தன. இப்போது பென்சிலைத் தொடவே பயமாக இருக்கிறது. கிறீன் பாத் வீதியோரத்தில் விற்பனைக்கு வைத்திருக்கும் ஓவியங்களைப் பார்த்தால் என்னுடையவை குப்பையாகத் தெரிகின்றன. இந்த வயதில் எனக்கு இது வீண்வேலையா?

வாசகி, வெள்ளவத்தை

அன்பின் தங்கைக்கு,

வீண்வேலையே இல்லை. ஆனால் அந்த இரண்டு ஓடர்களையும் மன்னிப்புக் கேட்டு விட்டுவிடுங்கள். பயம் எப்போது வந்தது என்பதை உங்கள் கடிதமே சொல்கிறது.

நம் வீடுகளில் கலை என்றாலே பரீட்சைதான். சாதாரண தரத்துக்குச் சித்திரம் எடுத்தால் எத்தனை புள்ளி என்பார்கள். வீணையோ வயலினோ படித்தால் வட இலங்கை சங்கீத சபையின் எத்தனையாம் தரம் என்பார்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் வயலின் அலுமாரிக்கு மேலே போய்விடும். கொழும்பில் இப்படி எத்தனை வயலின்கள் தூசி படிந்து கிடக்கின்றன என்று நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே வயிறு எரிகிறது. யாரும் புள்ளி போடாத ஒரு காரியத்தைச் செய்ய நம்மை எவரும் பழக்கவில்லை.

அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் செய்த ஆய்வொன்று 2016இல் வெளியானது. 39 பேரிடம் களிமண், வண்ணப் பேனா, வெட்டி ஒட்டும் காகிதம் முதலியவற்றைக் கொடுத்து 45 நிமிடம் விரும்பியதைச் செய்யவிட்டார்கள். மன அழுத்தத்தோடு கூடும் கோர்டிசோல் என்ற ஹோர்மோனை முன்னும் பின்னும் உமிழ்நீரில் அளந்தார்கள். ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. கலைப் பயிற்சி உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடு பெரிதாகத் தெரியவில்லை. சிறிய ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இருக்கவில்லை. ஆனாலும் "எனக்கு வரையத் தெரியாதே" என்று தயங்குபவருக்கு அது தெம்பு தரும் செய்தி.

சமையலறையில் கிடக்கும் ஒரு கறிவேப்பிலை நெட்டை எடுத்து வரைந்து பாருங்கள். இலைகள் நேருக்கு நேர் நிற்பதில்லை, சற்றே தள்ளித் தள்ளி ஏறும். நடுநரம்பின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்கும். நுனி இலையின் சாய்வைக் கண் பிடிப்பதற்குள் கை இரண்டு முறை அழித்திருக்கும். அந்த நேரத்தில் மாத முடிவுக் கணக்கு தலைக்குள் நுழைய இடமே இருக்காது. படம் கறிவேப்பிலை மாதிரி வந்ததா என்பது பிறகு. வராவிட்டாலும் உங்களுக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது.

கிறீன் பாத் ஓவியர்களோடு உங்களை ஒப்பிடாதீர்கள். கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் பெயர் சூட்டிய அந்த வீதியில் வெயிலிலும் மழையிலும் நின்று ஓவியம் விற்பது அவர்களுடைய தொழில். வாடிக்கையாளருக்கு எது பிடிக்கும், எந்த அளவுப் படம் போகும் என்ற கவலையெல்லாம் அவர்களுக்கு உண்டு. உங்களுக்கு அலுவலகக் கவலையே போதும்.

கொப்பியை மகளிடம் கடன் வாங்காமல் உங்களுக்கென ஒன்று வாங்குங்கள். இரவில் அரைமணி நேரம் போதும். தொலைபேசி வேறு அறையில் இருக்கட்டும். மாத முடிவு நாட்களில்தான் இதை விடக்கூடாது. மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் அவளும் வரையட்டும், திருத்தப் போகாதீர்கள். தங்கையிடம் படங்கள் விற்பனைக்கு இல்லை என்று அன்பாகவே சொல்லிவிடலாம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால், அல்லது எதிலும் பிடிப்பில்லாமல் போனால், வைத்தியரைப் பாருங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைத்துப் பேசலாம். அங்கே போனாலும் வரைவதை நிறுத்த வேண்டியதில்லை.

அன்புடன்,
அக்கா