குதிரைகள் இழுத்த ரயில் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நீராவி ரயில் எஞ்சின் வருவதற்கு 200 ஆண்டுகள் முன்பே இங்கிலாந்தில் நிலக்கரிக்காகத் தண்டவாளம் போட்டார்கள், குதிரைகள் இழுத்தன என்று எழுதியிருந்தீர்கள். 1825இல் ஸ்டீபன்சன் ரயில் ஓட்டியதுதான் தொடக்கம் என்று பள்ளியில் படித்தவன் நான். இழுப்பது குதிரை என்றால் தண்டவாளம் எதற்கு? சாலையிலேயே போயிருக்கலாமே?

ச.

அன்புள்ள ச.,

சாலை என்று சொல்லும்படி ஒன்று இருந்திருந்தால் போயிருப்பார்கள். நியூகாசில் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து டைன் ஆற்றுக்குப் போகும் வழி, மழை பெய்தால் வெறும் சேறு. அதன்மேல் மரத்தண்டவாளம் பதித்ததும், ஒற்றைக் குதிரை இரண்டரை டன் நிலக்கரியை இழுத்துப் போனது. நாட்டிங்காம் அருகே வொல்லட்டனில் 1604லேயே இப்படி இரண்டு மைல் பாதை இருந்தது.

சுரங்கம் மேட்டில், ஆறு பள்ளத்தில். அதனால் பாரம் இறக்கத்தில் போகும், காலி வண்டிதான் மேடேறும். இறக்கத்தில் குதிரையை அவிழ்த்து வண்டிக்குப் பின்னால் கட்டிவிடுவார்கள். வண்டிக்காரர் ஒரு நீண்ட மரத்தடியின் மேல் ஏறி உட்கார்ந்து, தன் உடல் எடையாலேயே சக்கரத்தை அழுத்திப் பிடிப்பார். தேருக்கு முட்டுக்கட்டை போடுபவர்களை அருகில் நின்று பார்த்திருந்தால் அது எத்தகைய வேலை என்று உங்களுக்குப் புரியும். அந்த வண்டிக்காரர்களுடைய பெயர்கள் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இந்தக் குதிரை வண்டிகளுக்காகவே 1726இல் நியூகாசில் அருகே காஸி (Causey) என்ற இடத்தில் ஓர் ஓடையின் மேல் நூறடிக்கு மேல் நீளும் ஒற்றைக் கல்வளைவுப் பாலம் கட்டினார்கள். இன்றும் நிற்கிறது.

ஸ்டீபன்சனே இந்த உலகத்துப் பிள்ளைதான். 1781இல் வைலம் கிராமத்தில் அவர் பிறந்த வீட்டை ஒட்டியே குதிரைகள் நிலக்கரி இழுத்த மரப்பாதை ஓடியது. தண்டவாளத்தை அவர் கண்டுபிடிக்கவில்லை, அதைப் பார்த்தே வளர்ந்தார்.

நீங்கள் சொல்லும் 1825க்குப் பிறகும், ஸ்டீபன்சன் ரயில் ஓட்டிய அதே ஸ்டாக்டன்–டார்லிங்டன் பாதையில் எஞ்சினோடு குதிரைகளும் சில ஆண்டுகள் நிலக்கரி இழுத்தன. 1828இல் குதிரைக்கென்றே தாழ்வான ஒரு வண்டியைக் கடைசியில் கோத்தார்கள். இறக்கம் வந்ததும் குதிரையை அவிழ்த்துவிடுவார்கள். அது பின்னால் வந்து, தானே அந்த வண்டியில் ஏறிக்கொள்ளப் பழகியிருந்தது. சமதரை வரும்வரை வைக்கோலைத் தின்றபடி நின்று பயணம் செய்யும்.