மாங்கொட்டைக் கரியும் சூப்பர் கெபாசிட்டரும்: கேட்டவர்களுக்குப் பதில்

பர்கூர் மாணவி: அண்ணா, மாங்கூழ் ஆலையில் கிடைத்த மாங்கொட்டை ஓட்டைக் கரியாக்கி, சூப்பர் கெபாசிட்டருக்கு (கார்பன் பரப்பில் அயனிகளை ஒட்டவைத்து மின்சாரம் சேமிக்கும் கருவி) எலக்ட்ரோடு, அதாவது மின்முனை, செய்தேன். கிராமுக்கு 20 ஃபாரட்தான் (மின்னூட்டம் பிடிக்கும் திறனின் அலகு) வருகிறது. ஏன்?

வெறும் கரியில் அயனிகள் ஒட்ட இடம் போதாதும்மா. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்து, நைட்ரஜன் ஓட்டத்தில் 700–800 டிகிரி செல்சியஸில் சூடாக்கினால் அது கார்பனை அரித்துத் துளை போடும், கிராமுக்கு 1000, 2000 சதுர மீட்டர் பரப்பு கூடத் திறக்கும். அப்புறம் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவி, அலசும் தண்ணீர் நடுநிலைக்கு வரும்வரை அலசுங்கள். இதில்தான் எல்லாரும் சோம்பல்படுகிறார்கள். ஆய்வகத்தில் மட்டும் செய்யுங்கள், வீட்டு அடுப்பில் வேண்டவே வேண்டாம்.

ஓசூர் நண்பர்: மின்ஸ்கூட்டரில் பேட்டரியை எடுத்துவிட்டு இந்தச் சூப்பர் கெபாசிட்டரையே போட்டால்?

முடியாது சார். கடையில் கிடைக்கும் சூப்பர் கெபாசிட்டர் கிலோவுக்கு 5–10 வாட்-மணி ஆற்றல்தான் பிடிக்கும், லித்தியம் அயனி செல் 150–250. ஆள்களோடு 250 கிலோ வண்டி தொப்பூர் கணவாயில் 100 மீட்டர் உயரம் இறங்கினாலே 68 வாட்-மணி விடுபடும், அதில் பாதியைப் பிரேக் பிடிக்கும்போது மின்சாரமாக மீட்டாலும் ஒரு கிலோ கெபாசிட்டர் நிரம்பி வழிந்துவிடும். நின்று நின்று கிளம்பும் டவுன் பஸ்ஸுக்கு, பேட்டரிக்குத் துணையாக, சரி.

காரிமங்கலம் ஆய்வு மாணவர்: என் கார்பன் கிராமுக்கு 300 ஃபாரட் காட்டுகிறது. ஆற்றலும் அதிகம்தானே சார்?

இங்கேதான் ஏமாறுகிறோம். 300 என்பது ஒரு எலக்ட்ரோடுக்கு. செல்லில் இரண்டு எலக்ட்ரோடு தொடராக நிற்பதால் திறன் பாதியாகும், எடையோ இரட்டிப்பாகும், ஆக நாலில் ஒரு பங்கு, 75. தண்ணீர் எலக்ட்ரோலைட்டில் (அயனிகள் நகரும் திரவம்) 1 வோல்ட் என்றால் கிலோவுக்கு 10 வாட்-மணி சொச்சம். வெறும் 100 ஃபாரட் கார்பனைக் கரிம எலக்ட்ரோலைட்டில் 2.7 வோல்ட்டுக்குக் கொண்டுபோனால் 25 வரும், ஏனென்றால் ஆற்றல் வோல்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். இதெல்லாம் கார்பன் எடைக்கு மட்டும். மின்சாரத்தை எடுக்கும் உலோகத் தகடு, எலக்ட்ரோடுகளுக்கு நடுவிலுள்ள பிரிப்பான், திரவம், கூடு எல்லாம் சேர்ந்தால் கணிசமாக இறங்கும். தண்ணீரை விட மனமில்லையா, ஒரு பக்கம் மாங்கனீசு டை ஆக்சைடு, மறுபக்கம் உங்கள் கார்பன், நடுவில் சோடியம் சல்பேட் கரைசல் வைத்துப் பாருங்கள், 1.8 வோல்ட் வரை போகலாம். ஆனால் அந்த ஆக்சைடு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, மெல்லிசாகக் கார்பன் மேல் படிய வையுங்கள்.

அதே மாணவர்: கார்பனைத் தகட்டில் சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிகிராம் பூசினால் உரிந்துவிடுகிறது சார். 1 மில்லிகிராமோடு நிறுத்தலாமா?

நிறுத்தினால் கார்பன் கிராமுக்கு வரும் எண் அழகாக இருக்கும், ஆனால் செல்லின் எடையில் பெரும்பங்கு தகடாகிவிடும். பூசுவதை விடுங்கள். எடையில் நூற்றுக்குக் கார்பன் 85, கடத்துகரி (மின்சாரம் கடத்தும் கரித்தூள்) 10, ஒட்டுவதற்கு டெஃப்லான் பால்மம் 5 என்று எடுத்து, சில சொட்டு எத்தனால் விட்டுப் பிசைந்து, சப்பாத்தி மாதிரி தேய்த்து, காயவைத்துத் தகட்டில் அழுத்துங்கள்.