'ஃபினிஷ்' பற்றிச் சில கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் 'ஃபினிஷ்', 'கம்ப்ளீட்' பற்றியவை. அதனால் அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சார், 'ஐ ஃபினிஷ்ட் டு ஈட்' என்று சொன்னால் தவறா?

பதில்: தவறுதான். ஃபினிஷ் என்ற சொல்லுக்குப் பின்னால் வினை வந்தால் 'இங்' சேர்ந்தே வரும்: ஃபினிஷ்ட் ஈட்டிங், ஃபினிஷ்ட் ரைட்டிங். குழப்பம் 'ஸ்டாப்' என்ற சொல்லால் வருகிறது. 'ஸ்டாப்ட் டு ஈட்' சரியான ஆங்கிலம். ஆனால் அதற்குச் சாப்பிடுவதற்காக நின்றார் என்று பொருள். ஃபினிஷுக்கு அந்த வசதி கிடையாது.

கேள்வி: ஃபினிஷ், கம்ப்ளீட் இரண்டும் ஒன்றுதானே?

பதில்: வேலையை முடித்தேன் என்று சொல்லும்போது எதைப் போட்டாலும் சரி. வேர்ச்சொல்லைப் பார்த்தால் வேறுபாடு புரியும். ஃபினிஷ், எல்லை என்று பொருள்படும் 'ஃபினிஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கம்ப்ளீட், நிரப்புவது என்ற பொருளில் வந்தது. விண்ணப்பத்தில் எல்லாம் எழுதி, கையெழுத்தை மட்டும் விட்டுவிட்டீர்கள் என்றால் அது 'இன்கம்ப்ளீட்'. கூரை போடாமல் பாதியில் நிற்கும் வீடு 'அன்ஃபினிஷ்ட்'. முதலாவதில் ஒன்று குறைகிறது, இரண்டாவதில் வேலை நிற்கிறது. நம் படிவங்களில் 'பூர்த்தி செய்க' என்று அச்சிடுகிறார்களே, அந்தப் பூர்த்தியும் நிரப்புவதுதான். வடமொழிப் பூர்த்தியும் ஆங்கிலக் கம்ப்ளீட்டும் மிகப் பழைய ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. எனக்கு இது எப்போது நினைத்தாலும் ஆச்சரியம்.

கேள்வி: வேலைவாய்ப்பு விளம்பரத்தில் 'கம்ப்ளீட்டட் 25 இயர்ஸ்' என்று இருக்கிறது. எனக்கு 25 நடக்கிறது. விண்ணப்பிக்கலாமா, அண்ணா?

பதில்: அந்த வரி குறைந்தபட்ச வயது என்றால் முடியாது, தம்பி. 25 நடப்பு என்றால் முடிந்தது 24தான். 2000 ஜூன் 10இல் பிறந்தவருக்கு 2025 ஜூலை 1 அன்று 25 பூர்த்தியாகி 26 நடக்கும். எந்தத் தேதியை வைத்து வயதைக் கணக்கிடுகிறார்கள் என்பதையும் விளம்பரத்தில் பாருங்கள்.

கேள்வி: 'ஐ ஆம் ஃபினிஷ்ட்' என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். ஏன்?

பதில்: சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள். சூழல் இல்லாமல் சொன்னால் 'நான் தொலைந்தேன்' என்றும் ஆகிவிடும். 'ஐ ஹேவ் ஃபினிஷ்ட்' என்றால் சந்தேகமே வராது. ஆனால் நேற்று, போன வாரம் என்று நாள் சேர்த்தால் 'ஹேவ்' போய்விட வேண்டும்: 'ஐ ஃபினிஷ்ட் இட் எஸ்டர்டே'.

கேள்வி: சார், இலக்கணப் பாடத்தில் வரும் 'ஃபைனைட் வெர்ப்' என்பதற்கும் ஃபினிஷுக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: நல்ல கேள்வி. இரண்டும் அதே லத்தீன் வேர்தான். காலம், ஆள், எண் என்று எல்லை கட்டப்பட்ட வினை ஃபைனைட். தமிழில் இதை வினைமுற்று என்கிறோம். 'வந்தான்' என்றால் வாக்கியம் முற்றிவிட்டது. 'வந்து' என்றால் இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது, அதனால் எச்சம். ஆங்கிலப் பெயர் எல்லையைப் பார்க்கிறது, தமிழ்ப் பெயர் முடிவைப் பார்க்கிறது. மாணவர்களுக்குத் தமிழ்ப் பெயரிலிருந்து தொடங்கிச் சொல்லிக்கொடுங்கள், சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

கேள்வி: தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். 'ஃபினிஷிங் சரியில்லை' என்கிறார்கள் வாடிக்கையாளர்கள். ஆங்கிலத்திலும் அப்படித்தான் சொல்வதா?

பதில்: மேற்பரப்பின் மெருகைச் சொல்வதென்றால் அங்கே 'ஃபினிஷ்' போதும்: மேட் ஃபினிஷ், க்ளாஸி ஃபினிஷ். உப்புத்தாள் தேய்த்து வார்னிஷ் அடிக்கும் வேலைக்குத்தான் 'ஃபினிஷிங்' என்று பெயர். கடைசியாகச் செய்யும் சின்னச் சின்ன வேலைகளைப் பெரும்பாலும் பன்மையில் 'ஃபினிஷிங் டச்சஸ்' என்பார்கள்.