ஊருக்கு ஊர் உயரம் ஏன் மாறுகிறது? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

வணக்கம். கோலாலம்பூரில் ஊட்டச்சத்துத் துறையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள் நான். குழந்தைகளைப் பலகையில் படுக்கவைத்தும் சுவரோரம் நிற்கவைத்தும் உயரம் எடுத்தே பாதி நாள் போயிருக்கிறது. ஒரே நாட்டுக்குள் ஒரு பகுதி மக்கள் உயரமாகவும் இன்னொரு பகுதி மக்கள் குட்டையாகவும் இருப்பதைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். கேள்விகள் வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

செந்தூலிலிருந்து ஓர் அண்ணன்: எங்கள் பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக் குடும்பத்தில் எல்லோரும் ஆறடிக்கு நெருக்கம். நாங்கள் ஐந்தடி ஐந்தைத் தாண்டவில்லை. ரத்தத்தில் வந்ததுதானே, இதில் பேச என்ன இருக்கிறது?

பாதி சரி அண்ணா. நல்ல சாப்பாட்டோடு வளர்ந்த ஒரு கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் இருக்கும் உயர வித்தியாசத்தில் சுமார் 80 விழுக்காடு மரபணுவால் வருவது. 2022இல் 54 லட்சம் பேரை ஆராய்ந்து, உயரத்தோடு தொடர்புள்ள 12,000க்கும் அதிகமான மரபணு மாற்றங்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால் இது ஆளுக்கு ஆள் பார்க்கும் கணக்கு. ஒரு பகுதியின் சராசரியை இன்னொரு பகுதியின் சராசரியோடு வைத்துப் பார்க்கும்போது இதே கணக்கு செல்லாது. அங்கே சோறு, பால், தண்ணீர், நோய் எல்லாம் உள்ளே வந்துவிடுகின்றன.

இந்தியாவில் பஞ்சாப், ஹரியானா மக்கள் சராசரியில் உயரம், மேகாலயாவில் குட்டை என்பது அரசின் குடும்ப நலக் கணக்கெடுப்புகளிலேயே தெரிகிறது. தலைக்கு எவ்வளவு பால் கிடைக்கிறது என்று பார்த்தாலும் அந்த இரண்டு மாநிலங்களும் முதல் வரிசையில் நிற்கின்றன. அப்புறம், மலாயாவுக்கு வந்த கதையையும் பாருங்கள். சீக்கியர்களில் நிறைய பேரைப் போலீஸுக்கும் படைக்கும் எடுத்தார்கள். அதற்கு உடல்வாகு பார்த்துத்தான் ஆள் எடுப்பார்கள். நம் ஆட்களைத் தோட்ட வேலைக்குக் கூட்டி வந்தபோது, ஊரில் பஞ்சத்தில் அடிபட்ட குடும்பங்களிலிருந்துதான் பலரும் கப்பல் ஏறினார்கள். இப்படி வந்த இரண்டு கூட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ‘ரத்தம்’ என்று முடிப்பது நம் தாத்தா பாட்டிக்கு நாம் செய்யும் அநியாயம்.

அம்பாங்கிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: எல்லா நாட்டிலும் இப்படி உண்டா டீச்சர்?

உண்டும்மா. சீனாவில் ஷான்டோங் போன்ற வட மாநிலத்துக்காரர்கள் தெற்கத்தியரைவிட உயரம். ஜப்பானில் ஒக்கினாவா குட்டை, வடக்கே அகிதா, அவோமோரி பக்கம் உயரம். மெக்சிகோவில் வடக்கு உயரம், ஒஹாக்காவும் சியாபாஸும் இருக்கும் தெற்கு குட்டை. உலகிலேயே உயரமானவர்கள் என்று பேர் வாங்கிய நெதர்லாந்திலும் வடக்கே ஃப்ரீஸ்லாந்துக்காரர்கள் தெற்கே லிம்பர்க்காரர்களைவிட ஓங்கியிருப்பார்கள்.

இதை முதலில் ஒழுங்காக எழுதி வைத்தவர்களில் ஒருவர் வில்லெர்மே என்ற பிரெஞ்சு மருத்துவர். ராணுவத்துக்கு ஆள் எடுத்த பதிவுகளை மாவட்டம் மாவட்டமாகப் பார்த்து 1829இல் எழுதினார். எங்கே வசதியும் நல்ல சாப்பாடும் இருந்து, சின்ன வயதில் உழைப்பு குறைவோ அங்கே ஆட்கள் உயரமாகிறார்கள் என்பதுதான் அவர் கண்டது. மரபணு என்ற சொல்லே பிறக்காத காலம் அது. வறுமை உடம்பில் ஏறி நிற்பதை ஓர் அளவுகோலை வைத்தே ஒரு மனிதர் பார்த்துவிட்டார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய் சிலிர்க்கிறது.

கிள்ளானிலிருந்து ஒருவர்: என் தாத்தா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர், ஐந்தடி இரண்டு. அப்பா ஐந்தடி ஐந்து. நான் ஐந்தடி எட்டு. ஒரே வம்சம்தானே, எப்படி?

உங்கள் வீட்டு மூன்று பேரே பாடம். தாத்தா வளர்ந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். லயத்து வீடு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு), வெறுங்கால், ஆற்றுத் தண்ணீர். கொக்கிப்புழு காலின் தோல் வழியாக ஏறிக் குடலில் உட்கார்ந்து ரத்தம் குடிக்கும். உங்கள் கிள்ளானில்தான் 1901இல் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் சதுப்பு நிலத்தை வடித்து மலேரியாவை அடக்கினார். அதற்கு முன்பும், எட்டாத தோட்டங்களில் அதற்குப் பின்பும், காய்ச்சல் வருடா வருடம் வந்தது. காய்ச்சலோடும் புழுவோடும் சண்டை போடும் குழந்தையின் உடம்பு, சாப்பிட்டதை அதற்கே செலவழித்துவிடும். எலும்பு வளர மிச்சம் இருக்காது. தாய் வயிற்றில் பிள்ளையோடு விடியற்காலையில் மரம் வெட்டப் போனாள் என்றால், கணக்கு பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

நானும் தோட்டத்தில் பிறந்தவள். முழுக்கத் தோட்டத்தில் வளர்ந்த என் பெரிய அக்காவும், டவுனுக்கு வந்தபின் பிறந்த கடைசித் தங்கையும் பக்கத்தில் நின்றால் அக்கா தங்கையின் காது அளவுக்குத்தான் வருவார். அக்கா பங்கு முட்டையும் எங்கள் தட்டுக்குத்தான் வந்தது.

உலக அளவிலும் இதே கதைதான். குவாத்தமாலாவின் மாயா மக்கள் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பிறகு, அங்கே வளர்ந்த பிள்ளைகள் சொந்த நாட்டில் வளர்ந்த மாயா பிள்ளைகளைவிடச் சராசரியாக 11 செ.மீ. உயரம் என்று 2000ஆம் ஆண்டு வாக்கில் அளந்தார்கள். அதிலும் பெரும்பங்கு காலின் நீளம். தென்கொரியப் பெண்கள் நூறு ஆண்டில் சுமார் 20 செ.மீ. உயர்ந்திருக்கிறார்கள். ஜப்பானில் 17 வயதுப் பையன்களின் சராசரி 1900இல் 157.9 செ.மீ., இப்போது 170ஐத் தாண்டிவிட்டது. மூன்று நான்கு தலைமுறைக்குள் மரபணு இப்படி மாறாது.

பிறையிலிருந்து ஓர் அக்கா: நம் நாட்டில் எந்த மாநிலம் குட்டை? கிளந்தான்தானே?

ஐந்து வயதுக்குள் வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் கிளந்தானில் அதிகம் என்பது உண்மை அக்கா. பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி குழந்தைகளிடம் இன்னும் அதிகம். ஆனால் மாநிலத்தின் பேரைச் சொல்லி நாம் தப்பிக்க முடியாது. 2022 தேசிய ஆய்வில் நாடு முழுக்க ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 21.2 விழுக்காடு வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். அதாவது ஐந்தில் ஒரு பிள்ளை. 2018இல் யூனிசெஃப், கோலாலம்பூரின் மலிவு விலை அடுக்குமாடிகளில் ஆய்வு செய்து 22 விழுக்காடு என்று சொன்னது. இது தலைநகரம்! அந்த மாடி சன்னலிலிருந்து பார்த்தால் இரட்டைக் கோபுரம் தெரியும். அதே வீடுகளில் குண்டான பிள்ளைகளும் நிறைய. மீ கோரெங் என்ற வறுத்த மீயும் (நூடுல்ஸ்) இனிப்புத் தண்ணீரும் வயிற்றை நிரப்பும், எலும்பை வளர்க்காது. ஆகவே ‘பகுதி’ என்றால் மாநிலம் மட்டும் இல்லை. ஒரு சாலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்கூட இரண்டு பகுதிதான்.

பூச்சோங்கிலிருந்து ஒரு தம்பி: கம்பியில் தொங்கினால் வளருமா? எனக்கு 21.

வளராது தம்பி. எலும்பு முனையின் வளர்ச்சித் தட்டு உன் வயதில் மூடியிருக்கும். உயர மாத்திரைக்கும் காசு கொடுக்காதே.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஓர் அம்மா: மகனுக்குப் 12 வயது, வகுப்பில் அவன்தான் குட்டை. அப்பா 163, நான் 152 செ.மீ. விலை கூடிய பால்மாவு வாங்கிக் கொடுக்கட்டுமா?

பிள்ளை வளர்ந்து முடிந்ததும் எவ்வளவு உயரம் இருக்கும் என்று பார்க்க, அப்பா உயரம், அம்மா உயரம் இரண்டையும் கூட்டி, பையன் என்றால் 13 சேர்த்து, இரண்டால் வகுக்க வேண்டும். உங்கள் மகனுக்கு 164 வருகிறது. அதற்கு எட்டு ஒன்பது செ.மீ. மேலேயோ கீழேயோ போகலாம். சில பையன்களுக்குப் பருவ வளர்ச்சியே 13, 14இல்தான் தொடங்கும். வருடத்துக்கு 4 செ.மீ.கூட வளரவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். மற்றபடி அந்தப் பணத்துக்கு முட்டையும் மீனும் வாங்குங்கள், இரவில் நேரத்தோடு தூங்க வையுங்கள். வகுப்பில் கிண்டல் செய்தால், நீங்களும் வீட்டில் ‘குட்டை’ என்று கூப்பிடாதீர்கள்.

செராஸிலிருந்து ஒருவர்: மாநில வாரியாக உயரம் போட்ட வரைபடங்களை நம்பலாமா?

முதலில் அளந்தார்களா, வாயால் கேட்டார்களா என்று பாருங்கள். கேட்டால் ஆண்கள் பெரும்பாலும் கூட்டித்தான் சொல்வார்கள். அடுத்து வயது. நாற்பதுக்கு மேல் பத்து வருடத்துக்கு ஒரு செ.மீ. வாக்கில் குறையும். ஆகவே முதியவர்கள் நிறைந்த மாநிலம் குட்டையாகத் தெரியும். இன்னொன்று, இளைஞர்கள் வேலைக்காகக் கோலாலம்பூர் வந்துவிடுகிறார்கள். அவர்களின் உயரத்தை வளர்த்தது கோலாலம்பூர் அல்ல, பிறந்த ஊர்.

கெப்போங்கிலிருந்து ஒரு பாட்டி: பேத்திக்கு எட்டு மாதம். நான் என்ன செய்யலாம் ஆயி?

பாட்டிம்மா, சரியான நேரத்தில் கேட்டீர்கள். பிள்ளை முதல் வருடத்தில் 25 செ.மீ. வளரும், அதற்குப் பிறகு எந்த வருடத்திலும் அப்படி வளராது. தாய்ப்பால் தொடரட்டும். வெறும் கஞ்சித் தண்ணீர் வேண்டாம். கஞ்சியைக் கெட்டியாக்கி, முட்டை, பருப்பு, கீரை, உப்பு போகக் கழுவி அரைத்த நெத்திலி என்று மாற்றி மாற்றிச் சேருங்கள். டின்னில் வரும் இனிப்புக் கெட்டிப் பாலைக் கரைத்துப் புட்டியில் கொடுக்காதீர்கள், அது சீனிதான். ஊட்டுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அடிக்கடி வயிற்றோட்டம் வரும் பிள்ளை வளராது. கிளினிக்கில் எடை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினால் எழுந்துவிடாதீர்கள். நீளத்தையும் அளந்து புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.